உருளைக்கிழங்கை எந்தத் தட்டில் வைப்பது

அன்பு மகனுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு என்னைப் பொறுத்துக்கொள். பகலில் எழுதிவிடலாம் என்றுதான் பார்த்தேன். பகலில் சுமதி என் முந்தானையை விடுவதில்லை. நான் பேனாவை எடுத்தால் அவளும் கையை நீட்டுகிறாள். இப்போது அவளும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள், அடுத்த வீட்டுத் தறியும் ஓய்ந்துவிட்டது. என் எழுத்தைக் கண்டதும் என்ன ஆயிற்றோ என்று பயப்படுவாய், எனக்குத் தெரியும். போன ஐப்பசியிலிருந்து நமக்கு அப்படித்தானே ஆகிவிட்டது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் தங்கை சுமதிக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லை. அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன், அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியும். ஆனால் நேராகக் கேட்டால் எதற்குக் கேட்கிறேன் என்று உனக்குப் புரியாது. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் கிடந்தபோது நீ ஓசூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனாய். வேலைக்குச் சேர்ந்த புதிது, லீவு நீட்டிக்க முடியாது என்று சொன்னாய். மூளைக்காய்ச்சல் என்றார்கள். அப்போது அவள் கண்ணைத் திறந்தால் போதும் என்றிருந்தது, வேறு எதையும் நாம் கேட்கவில்லை. நீ திரும்பிப் போன பிறகுதான் மற்றது தெரிந்தது. எழுந்தாள், சாப்பிட்டாள், நடந்தாள். சொற்கள் மட்டும் அவளிடம் இல்லை. எல்லாவற்றுக்கும் ‘அது’ என்றாள். தண்ணீர் அது, பூனை அது, நானும் அது. தெருவில் நடக்கும் சண்டையை ஒரு வார்த்தை விடாமல் வந்து ஒப்பிக்கிற பெண்ணாக இருந்தவள். பொங்கலுக்கு நீ வந்தபோது உன்னைப் பார்த்துச் சிரித்தாள், அண்ணா என்று கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டாய். கூச்சம் என்று சொன்னேன். கூச்சம் இல்லை. நீ ஊருக்குத் திரும்பும் நேரத்தில் அதைச் சொல்லி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் சொன்னார்: “ஒவ்வொரு வார்த்தையா திரும்பக் கத்துக் குடுத்தா ஆயுசு போதாதும்மா. வகை வகையா குடுங்க. ஒண்ணு வந்தா அதோட கூட்டம் பின்னாலயே வரும்.” அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அப்பா நம் பாத்திரக் கடையிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டு கொண்டுவந்தார். ஒன்று சாப்பிடுகிற பொருளுக்கு, இன்னொன்று சாப்பிடாத பொருளுக்கு. முதலில் பொருள்களையே வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். வாழைப்பழம், சீப்பு, வெண்டைக்காய், சாவி. கையில் கொடுத்து, பெயரைச் சொல்லி, எந்தத் தட்டு என்று கேட்பேன். அது பழகிய பிறகு படங்கள். பழைய காலண்டர், தீப்பெட்டி, சோப்பு உறை என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி அட்டையில் ஒட்டினேன். கடைசியில் பொருளும் இல்லை, படமும் இல்லை, வெறும் சொல். நான் ‘சீப்பு’ என்பேன், அவள் தட்டைத் தொட வேண்டும். ஒரு சொல் தனியாக வந்து காதில் விழுந்ததும் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று அவளுக்குள் யாரோ எழுந்து போய்த் தேடுவது முகத்தில் தெரியும். கண் மேலே போகும், உதடு கொஞ்சம் பிரியும், பிறகு விரல் இறங்கும். மாசி மாதத்தில் ஒரு நாள் நான் ‘மாங்காய்’ என்றேன். விரலோடு சேர்ந்து வாயும் ‘காய்’ என்றது. நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அடுத்த சொல்லைச் சொன்னேன், ‘அவரைக்காய்’ என்று. அதற்கும் ‘காய்’ என்றாள். எழுந்து போய் உலையில் அரிசியைப் போட்டேன்.

அப்படித்தான் இருக்கிறேன் இத்தனை மாதமாக. அழுகையும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. அப்பா உப்பு இல்லை என்றால் உப்புப் போடுகிறேன், அதிகம் என்றால் சரி என்கிறேன். அடுத்த வீட்டுச் சரசுவை உனக்குத் தெரியும், நான் ஒரு நாளும் பள்ளியில் வேலை பார்க்காவிட்டாலும் பி.ஏ. படித்த பாவத்துக்கு என்னை டீச்சரம்மா என்பாள். “இன்னா டீச்சரம்மா, நடமாடிகினு கீற, ஆனா ஆளையே காணோமே” என்றாள் ஒரு நாள். சரியாகத்தான் சொன்னாள். படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொல்லி என்னை ஒரு மாதம் துளைத்தாள். “கோழியெல்லாம் ஒனக்கு ஆவாது, தெரியும். எலுமிச்சம்பழம் போதும், அதுக்கு உசுரு இல்ல இல்ல?” என்று அவளே கேட்டுக்கொண்டு அவளே சிரித்தாள். அவள் தறியில் மிஞ்சும் பட்டுத் துண்டுகளைச் சுமதியிடம் கொண்டுவந்து கொடுப்பாள். உடுத்துவது என்று நான் மூன்றாவதாக ஒரு தட்டு தொடங்கியிருந்தேன். சட்டை, பாவாடை, துண்டு எல்லாம் அதில் போட்டாள். அரக்கு நிறப் பட்டுத் துண்டை எடுத்தாள், பார்த்தாள், உடுத்தாத பக்கம் தள்ளி வைத்தாள். “கேட்டுக்கோ! ஆரணியில பொறந்துட்டு பட்டு உடுத்தறதில்லன்றா ஒம் பொண்ணு. எங்க பொழப்புல மண்ணு” என்று சரசு தலையில் அடித்துக்கொண்டாள். நான் அதைத் தவறு என்று நினைத்து எடுத்து மாற்றி வைத்தேன். நம் நயினார் வீடுகளில் பட்டு கிடையாது, சமணர் புழுவைக் கொன்று எடுப்பதை உடுத்துவதில்லை என்பதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அப்போதே புரிந்திருந்தால் போன வாரம் பள்ளியில் நான் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உனக்கும் இதே விளையாட்டுதான் சொல்லிக் கொடுத்தேன், உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. கடைசி வருடப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதினேன். ஆரணியில் வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு பட்டமும் ஒரு குழந்தையும் இருந்தன. இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாத வயது. அதனால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் பிரயோகம் செய்தேன். பறப்பது ஒரு பக்கம், நடப்பது ஒரு பக்கம். சூடு ஒரு பக்கம், சில்லிப்பு ஒரு பக்கம். உனக்குத் தேடவே வேண்டாம், சொல் விழுமுன் கை போகும். மூன்று வயதில் என்னிடம் இன்னொரு தட்டு கேட்டாய். எதற்கு என்றேன். “அப்பா திட்றது” என்றாய். கடைச் சாவி, அப்பாவின் மூக்குக்கண்ணாடி, வானொலியின் குமிழ் எல்லாம் அதில் போய்ச் சேர்ந்தன. கொஞ்சம் யோசித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துப் போய் என்னையும் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாய். பொழுது இறங்கும் முன் அப்பா சாப்பிட வந்தபோது அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க யாரையும் திட்டவில்லை.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் நடந்ததைத்தான் இப்போது நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிடும் பொருள், சாப்பிடாத பொருள் என்று சிலேட்டில் இரண்டு கட்டம் போட்டுச் சொற்களைப் பிரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். நீ உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை மூன்றையும் சாப்பிடாத பக்கம் எழுதியிருந்தாய். மூன்றுக்கும் தப்பு. மண்ணுக்கு அடியில் விளைவதைப் பிடுங்கினால் அதோடு எத்தனையோ உயிர் போகும் என்று அப்பா உனக்குச் சொல்லியிருந்தார், நீ அதை நம்பினாய், நம்பியதை எழுதினாய். சிலேட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, “டீச்சர் தப்பு போட்டுட்டாங்க” என்றாய். அவ்வளவுதான். அழவில்லை. மறுநாள் அதே பயிற்சி, எல்லாம் சரி. வீட்டில் அதற்குப் பிறகும் நீ கிழங்கைத் தொடவில்லை, கல்யாண வீடுகளில் இலையில் விழுந்தால்கூட ஒதுக்கினாய். பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டாய். பையன் கெட்டிக்காரன் என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த ஒரு ராத்திரியில் என்ன நடந்தது என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை. சரியான விடை வந்துவிட்டால் அம்மாக்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

போன வாரம் சுமதியை அதே பள்ளிக்குக் கூட்டிப் போனேன். உனக்கு அப்போது தப்பு போட்டவர்தான் இப்போது அங்கே பெரிய டீச்சர். என்னைப் பார்த்ததும், “வாங்க வாங்க, பையன் ஓசூர்ல கீறானாமே? நல்ல புத்தி அவனுக்கு” என்று நாற்காலி போடச் சொன்னார். சுமதியிடம், “ஒம் பேரு இன்னா கண்ணு?” என்றார். அவள் ‘சுமதி’ என்றாள். பெரிய டீச்சர் மேசையிலிருந்து படங்களை எடுத்து, பெயரைச் சொல்லிச் சொல்லி அவள் கையில் கொடுத்தார். சாப்பிடுவது இந்தப் பக்கம், மற்றதெல்லாம் அந்தப் பக்கம். நாங்கள் வீட்டில் செய்வதேதான். மாம்பழம் இந்தப் பக்கம் போயிற்று. குடை அந்தப் பக்கம். செருப்பு அந்தப் பக்கம். உருளைக்கிழங்கு என்றார். அவள் அதை எடுத்துச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வெங்காயத்தையும் அங்கேயே வைத்தாள். முட்டையையும்.

“நல்லா பாரு கண்ணு. கெழங்கு சாப்பிடறதா, கால்ல போடறதா?” என்றார் பெரிய டீச்சர். கோபமில்லாமல்தான் கேட்டார். சுமதி நன்றாகப் பார்த்தாள். கிழங்கைச் செருப்புக்கு இன்னும் கிட்டத்தில் நகர்த்தி வைத்தாள். வாசலில் நின்றிருந்த ஆயாம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “இன்னும் ஒரு வருசம் வீட்லயே இருக்கட்டுமே. இல்லாட்டி வேலூர்ல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு எடம் கீதாம், விசாரிச்சுப் பாருங்க” என்றார். எங்கள் வீட்டில் கிழங்கு சாப்பிட மாட்டோம் என்று ஐந்து சொல். நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. ஏனென்றால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தெரிந்து வைத்தாளா, கை போன போக்கில் வைத்தாளா? இத்தனை மாதத்தில் உருளைக்கிழங்கு என்ற சொல்லையே நான் அவளுக்குச் சொல்லவில்லை, நம் வீட்டில் இல்லாததை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன். பெரிய டீச்சர் புடவையின் கரையில் மயில் இருந்தது. ஒவ்வொரு மயிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரிப் பிள்ளைகள் என்பதும் ஒரு தட்டு, என் பெண்ணை எடுத்து அதில் வைத்துவிட்டார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன கடிதத்தில் உன் அறையில் இருக்கும் பையனைப் பற்றி ‘அவன் ஒரு மாதிரி’ என்று எழுதியிருந்தாயே, எதை வைத்து அப்படி எழுதினாய் என்று இன்னொரு முறை யோசித்துப் பார். ஒருவனை எடுத்து வைப்பதற்கு ஒரு நொடி போதும். திரும்ப எடுப்பதற்குத்தான் ஆள் தேவைப்படுகிறது.

வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் தட்டுகளை எடுத்து வைத்தேன். படம் இல்லாமல் வெறும் சொல்லாகக் கேட்டேன். உருளைக்கிழங்கு என்றேன். சாப்பிடாத தட்டைத் தொட்டாள். வெங்காயம். அதே தட்டு. பள்ளியில் கேட்காத ஒன்றைக் கேட்டேன், பீட்ரூட் என்று. அதையும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. கண் மேலே போகவில்லை, தேடவில்லை, விரல் உடனே இறங்கியது. இறக்கிவிட்டு என்னைப் பார்த்து ‘மண்ணு’ என்றாள். நான் திரும்பச் சேனைக்கிழங்கு என்றேன். ‘மண்ணு’ என்றாள். அது அப்பா அவளுக்குச் சொன்னது, காய்ச்சலுக்கு முன்னால், உனக்குச் சொன்னது போலவே மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னது. என் பெயரும் உன் பெயரும் தண்ணீர் என்ற சொல்லும் போன இடத்தில் அது மட்டும் போகாமல் இருந்திருக்கிறது. நான் திரும்ப நட்டு வளர்த்ததெல்லாம் புதிது. இது அவளுடைய பழசு.

அப்பா கடையை மூடிவிட்டு வந்ததும் சொன்னேன். மகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். சாம்பாரில் வெங்காயம் மிதந்தது என்று சொந்த அத்தை மகள் கல்யாணத்தில் கை நனைக்காமல் பஸ் ஏறி வந்தவர் அவர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“கெழங்கு சாப்பிடறதுன்னு சொல்லிக் குடுத்துடு” என்றார்.

“நீங்களா சொல்றீங்க?”

“வாயால சொல்றதுதானே. வயித்துக்குள்ளயா போவுது? பள்ளிக்கூடத்துல சேரணுமா வேணாமா?”

“எல்லாம் போயி அவளுக்கு மிஞ்சினது இது ஒண்ணுதாங்க. அதைப் போயி தப்புன்னு எப்பிடிச் சொல்றது?”

“மிஞ்சினதை வச்சுகினு வீட்லயே உக்காந்திருப்பாளா?”

வேடிக்கையைப் பார். அவருக்கு அது தர்மம், அதை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இருக்கிறார். நான் கல்லூரியில் படித்தபோது தோழிகளோடு வேலூர்க் கடைத்தெருவில் நின்று உருளைக்கிழங்கு போண்டா தின்றவள், யாரிடமும் சொன்னதில்லை, ருசியாகவே இருந்தது. நான்தான் இப்போது அந்தக் கிழங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மறுநாள் சுமதியைச் சரசுவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் பள்ளிக்குப் போனேன். அந்த ஐந்து சொல்லையும் சொல்லிவிட்டேன். பெரிய டீச்சர் பொறுமையாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. “அது எனக்குத் தெரியாதாம்மா? எத்தினி நயினார் வீட்டுப் பிள்ளைங்க எங்கிட்டப் படிச்சிருக்குதுங்க. நாங்க சாப்பிட மாட்டோம், மத்தவங்க சாப்பிடுவாங்கன்னு அதுங்களுக்குத் தெரியும். ரெண்டும் தெரிஞ்சாத்தான் வகுப்புல உக்கார முடியும். இல்லாட்டி பக்கத்துப் பிள்ளை சோத்துல கெழங்கைப் பாத்துட்டு இது மெரண்டு போவும். ஒங்க பையனுக்கும் மொத நாளு தப்புதான். மறுநாளே புரிஞ்சுகினான். இவளுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும் டைம் தரேன். அன்னிக்குக் கூட்டியாங்க. கெழங்கைச் சரியா எடுத்து வச்சுட்டான்னா சேத்துக்கறேன்” என்றார். அவர் சொன்னது நியாயம். திரும்பி வரும்போது வழியில் ஒரு முகமும் எனக்கு நினைவில்லை.

சொல்லிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். கிழங்கு வேண்டும். அதை வாங்கிக்கொண்டு நான் தெருவில் வர முடியாது. சரசு முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். “ஒண்ணே ஒண்ணுதான். வேலை முடிஞ்சதும் குடுத்துடு, கொழம்புல போட்டுக்கறேன். ஒங்க சாமி கேட்டா சரசு வச்சதுன்னு சொல்லிடு, எங்க அம்மன் பாத்துக்குவா” என்றாள். அப்படி நம் வீட்டுக்குள் முதன்முதலாக ஓர் உருளைக்கிழங்கு வந்தது. சாப்பிடுகிற தட்டில் வாழைப்பழம், வெண்டைக்காய், மாங்காய் மூன்றையும் சுமதியே வைத்திருந்தாள். அவற்றோடு கிழங்கை வைத்து, “உருளைக்கிழங்கு. சாப்பிடறது” என்றேன். எடுத்துச் சாப்பிடாத தட்டில் வைத்தாள். நான் திரும்ப இங்கே வைத்தேன். அவள் அங்கே வைத்தாள். “நாம சாப்பிட மாட்டோம். சரசு சாப்பிடுவா. ஊர்ல எல்லாரும் சாப்பிடுவாங்க” என்றேன். எவ்வளவு நீள வாக்கியம் பார், அவளுக்கு. மூன்றாம் முறை அவள் எடுக்கப் போனபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கிப் பிடிக்கவில்லை. ஆனால் பிடித்தேன்.

அவள் இழுத்துக்கொள்ளவில்லை, அழவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு கையால் வாழைப்பழத்தை எடுத்துச் சாப்பிடாத தட்டில் வைத்தாள். வெண்டைக்காயை வைத்தாள். மாங்காயை வைத்தாள். சாப்பிடுகிற தட்டில் கிழங்கு மட்டும் தனியாக இருந்தது. நான் சீப்பு என்றேன். எதையும் தொடவில்லை. சாவி என்றேன். தட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மாசியிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தது ஒரு கிழங்கால் கலைந்துவிட்டது. சரசு ஒன்றும் பேசாமல் கிழங்கை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள், அவள் பேசாமல் போனதை நான் பார்த்ததே இல்லை. பொழுது சாயும் முன் சுமதிக்கு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். வாயில் வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், இது சாப்பிடுவதா என்று. “சாப்பிடு” என்றேன். பிறகுதான் சாப்பிட்டாள். இப்போது ஒவ்வொரு வாய்க்கும் என்னைப் பார்க்கிறாள்.

அன்றிலிருந்து கிழங்கின் பேச்சையே எடுக்காமல் பழையபடி செய்துவருகிறோம். பாதி திரும்பிவிட்டது. சீப்பும் சாவியும் வந்துவிட்டன. காய்கள் இன்னும் சரியாக வரவில்லை. நேற்று அப்பாவிடம் கேட்டேன், “அவனுக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, வீட்டுக்கு ஒண்ணு, பள்ளிக்கு ஒண்ணுன்னு?” அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “நான் ஒண்ணும் சொல்லலியே. நீதான் சொல்லியிருப்பேன்னு இல்ல நெனச்சுகினு இருந்தேன்” என்றார். இத்தனை வருடமும் அவர் நான் என்று நினைத்திருக்கிறார், நான் அவர் என்று நினைத்திருக்கிறேன். இருவரும் இல்லை.

அதனால் உன்னைக் கேட்கிறேன். ஆறு வயதில், சிலேட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்த அந்த ராத்திரிக்கும் மறுநாள் பள்ளிக்கும் நடுவில் நீ என்ன செய்தாய்? யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? பக்கத்தில் உட்கார்ந்த பையன் தின்பதைப் பார்த்தாயா? டீச்சருக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வேறாக வைத்துக்கொண்டாயா? இல்லை, உனக்கும் முதலில் எல்லாம் கலைந்து, யாருக்கும் தெரியாமல் நீயே திரும்ப அடுக்கினாயா? எளிதாக இருந்தது என்றால் எளிதாக இருந்தது என்று எழுது. கஷ்டமாக இருந்திருந்தால் அதையும் எழுது, என் மனம் நோகும் என்று மழுப்பாதே. இப்போதைக்கு என் மனம் எதற்கும் நோகிற நிலையில் இல்லை. உனக்கு நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுது, ஆனால் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துவிட்டு எழுது.

பொங்கலுக்கு நீ வந்தபோது உன் சட்டையில் வெங்காய வாசனை இருந்தது. துவைத்துப் போட்டேன், அப்பாவிடம் சொல்லவில்லை. நீ அங்கே அறையில் என்ன சாப்பிடுகிறாய் என்று இதில் கேட்கவும் இல்லை. ஐந்து பேர் ஒரு அடுப்பில் சமைக்கும் இடத்தில் நீ ஒருவன் தனிப் பாத்திரம் வைக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? பசியோடு படுக்காதே, அதுதான் நான் சொல்வது. அப்பாவிடம் என்றாவது நீயாகச் சொல். நீ நினைப்பதைவிட அவர் தாங்குவார். போன வாரம்தான் எனக்கே அது தெரிந்தது. ஆனால் அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக இருப்பது உனக்கு எப்படி இருக்கிறது என்பதையும் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது ஒரு வரி சேர்த்து எழுது. சுமதிக்கு நான் சொல்லிக் கொடுக்கப் போவது அதைத்தான். அது ஒரு குழந்தைக்குக் கொடுக்கக்கூடியதா என்று தெரியாமல் இன்னொரு முறை அவள் கையைப் பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

வழி இருக்கிறது என்று நீ எழுதினால், எப்படி என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுது, அதைப் படித்து அப்படியே செய்வேன். வேண்டாம், அவளை விட்டுவிடு என்று எழுதினால் இந்த வருடம் வீட்டிலேயே வைத்துக்கொள்வேன், அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், பெரிய டீச்சரிடமும் போய்ச் சொல்லிவிடுகிறேன். இரண்டில் எது என்றாலும் செய்துவிடுவேன். எது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. பள்ளி வருகிற வாரத்துக்கு அடுத்த வாரம், திங்கட்கிழமை திறக்கிறது. ஓசூரிலிருந்து தபால் வரப் பிடிக்கும் நாளைக் கணக்குப் பண்ணிக்கொள். லீவு கேட்டு வர வேண்டாம், இன்லேண்டில் நாலு வரி போதும். இதைப் படித்ததும் பதில் எழுது.

உன் அம்மா